பள்ளத்துக்குப் போன எரு மேட்டுக்கு ஏறி வருது: டீச்சர் பதில்கள்

ரெண்டு இதழுக்கு முந்தி கனடாவோட மேற்குக் கடல்ல இருக்கற குவாய் ஹானஸ்ங்கற தீவுக்கூட்டத்தைப் பத்தி எழுதியிருந்தேனுங்க. பொண்ணு வேன்கூவர்ல இருக்கா, போன செப்டம்பர் கடைசில அவ குடும்பத்தோட போய் நாலு நாள் படகுல சுத்திட்டு வந்த கதை அது. அதுல சால்மன் மீனு ஓடையில ஏறி வர்றதை ஒரே ஒரு பத்தியில எழுதிட்டு மத்ததுக்குப் போயிட்டேன், ஆனா வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாம் அந்த ஒரு பத்தியைப் பத்தியேதான். இந்தத் தடவை முழுசும் அதுக்கே எடுத்துக்கறேன்.

இது பார்க்குங்களா, கடலுங்களா? படிச்சதுல புரியல. (பெருந்துறை வாசகர்)

ரெண்டுந்தானுங்க. நெலம் ஒரு 1,470 சதுர கிலோமீட்டர், அதைச் சுத்தி கடல் ஒரு 3,500 சதுர கிலோமீட்டர், ரெண்டையும் சேர்த்தா நம்ம கோயமுத்தூர் மாவட்டத்தை விட சித்த பெருசு. ஹைடா குவாய்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்குது, 2010 வரைக்கும் வரைபடத்துல குயீன் சார்லட் தீவுகள்னு போட்டிருந்தாங்க, அதோட தெக்குப் பாகந்தான் இது. ரோடு கெடையாது, கடை கெடையாது, படகு இல்லாட்டி தண்ணில எறங்கற சின்ன விமானம், இதை விட்டா போறதுக்கு வேற வழி இல்லீங்க. மலை உச்சில இருந்து கடலடி வரைக்கும் ஒரே காவல்ல வெச்சிருக்காங்கங்கறதுதான் எனக்கு அங்க நெம்ப புடிச்ச விசயம், ஏன்னு கீழ வரும்.

டீச்சர், மீன் எதுக்கு எதிர்த்தண்ணில ஏறுது? எந்த ஓடைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? (9ஆம் வகுப்பு மாணவி, சத்தியமங்கலம்)

நல்லா கேட்ட கண்ணு. முட்டை போடத்தான் ஏறுது. நான் பாத்தது சம் சால்மன், அந்தத் தீவு ஓடைகள்ல அதுதான் அதிகம். இதோட பொறந்த பசங்கன்னு சாக்கை, பிங்க், கோஹோ, சினூக்னு இன்னும் நாலு இனம் அந்தக் கடல்ல இருக்குது. சம் குஞ்சு ஓடையோட கூழாங்கல்லுக்கு அடியில முட்டையில இருந்து வெளிய வந்து, வசந்தகாலத்துல ரெண்டு விரக்கடை நீளங்கூட இல்லாதப்பவே தண்ணியோட கடலுக்குப் போயிருது. அப்பறம் ரெண்டு மூணு வருசம், சிலது அதுக்கும் மேல, வட பசிபிக் கடல்ல மேஞ்சு மேஞ்சு நாலு கிலோ அஞ்சு கிலோன்னு ஆகி திரும்ப வருது, அதோட ஒடம்பு எடையில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல கடல்ல சேர்த்ததுதான், இதை ஞாபகம் வெச்சுக்க, அடுத்த பதிலுக்கு வேணும்.

வழி எப்படின்னா, பெருங்கடல்ல இருந்து கரை வரைக்கும் பூமியோட காந்தப் புலத்தை வெச்சு வருதுன்னு சொல்றாங்க, ஒரு காந்த ஊசி அதுக்குள்ளயே இருக்கற மாதிரி நெனச்சுக்க. கரைக்கு வந்த பொறவு மூக்கு. தான் பொறந்த ஓடைத் தண்ணியோட வாசத்தை குஞ்சுல மனசுல ஏத்தி வெச்சிருக்கும், அந்த மண்ணு, பாசி, எலை எல்லாம் கலந்த வாசம் ஓடைக்கு ஓடை வேற வேற. மொத மழை உழுந்ததும் நம்ம காட்டு மண்ணோட வாசம் நமக்குத் தெரியுதில்ல, அது மாதிரித்தான். இதை 1950கள்ல ஆர்தர் ஹாஸ்லர்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவரோட மாணவர்களும் சோதனை பண்ணிப் பாத்தாங்க.

ஓடைக்குள்ள நொழஞ்ச பொறவு அது எதுவும் திங்காது. கடல்ல வெள்ளி மாதிரி இருந்த ஒடம்புல ஊதாவும் பச்சையுமா பட்டை பட்டையா கோடு உழுகும், ஆண் மீனுக்குத் தாடை வளைஞ்சு நாய்ப்பல்லு மாதிரி நீட்டிக்கும். பொட்டை மீனு வாலால கல்லை அடிச்சு அடிச்சு குழி பறிச்சு, ரெண்டாயிரம் மூவாயிரம் முட்டை போட்டு, திரும்ப கல்லைத் தள்ளி மூடும். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன் கண்ணு, தொவைக்கற கல்லுல ஈரத்துணியை அடிக்கற மாதிரி டப் டப்னு. பத்து நாளுக்குள்ள, மிஞ்சிப்போனா ரெண்டு வாரத்துக்குள்ள ஆணும் பொட்டையும் ரெண்டுமே செத்துப்போயிரும்.

மீனு காட்டை வளர்க்குதுன்னு எழுதியிருந்தீங்க. நாப்பது வருசமா பண்ணையம் பண்றேன், நம்பற மாதிரி இல்லீங்க. (காங்கயத்து விவசாயி)

நீங்கதானுங்கண்ணா இதை மொதல்ல நம்புவீங்க. நம்ம காட்டுல எருவை எங்க போடறோம், மேட்டுப்பக்கம் போடறோம், மழை பேஞ்சா அது தானா பள்ளத்துக்கு எறங்குது. மண்ணு, சத்து, சாம்பல் எல்லாம் எறங்கத்தான் செய்யும், ஓடைக்குப் போய் ஆத்துக்குப் போய் கடைசில கடலுக்குப் போயிருது. போனது திரும்ப மேல ஏறி வருமா? வண்டி கட்டி நாம கொண்டு போய்ப் போட்டாத்தான் உண்டு. ஆனா அந்தக் கரையில, கடலுக்குப் போன சத்து தன் காலுல, தன் துடுப்புல ஏறி திரும்ப மேட்டுக்கு வருதுங்கண்ணா, அதுதான் சால்மன். கடல்ல சேர்த்த ஒடம்பு அம்புட்டையும் கொண்டாந்து ஓடையில போட்டுட்டு செத்துப்போகுது.

ஓடையில செத்தது காட்டுக்குள்ள எப்படிப் போகும்னு கேப்பீங்க. கரடிங்க. அந்தத் தீவுல இருக்கறது கருங்கரடி, மத்த எடத்துக் கருங்கரடியை விட தாடை பெருசு. மீனைப் புடிச்சதும் ஓடையிலயே நின்னு திங்காது, இன்னொரு கரடி வந்து புடுங்கிக்குமேன்னு காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போயிரும். அங்க போய் முட்டையும் மூளையுமா நல்ல பாகத்தைத் தின்னுட்டு மிச்சத்தை மரத்தடில போட்டுட்டு அடுத்ததுக்கு வந்துரும், ராத்திரி பூரா இதே வேலைதான். போட்டது மேல காக்கா உக்காரும், ஈ முட்டை போடும், புழு நெளியும், ஒரு மழை பேஞ்சா எல்லாம் மண்ணுக்குள்ள. விக்டோரியா பல்கலைக்கழகத்து டாம் ரெய்ம்கென்ங்கற ஆராய்ச்சியாளர் இதே குவாய் ஹானஸ்ல ஒரு ஓடைக்கரையில ராத்திரி ராத்திரியா உக்காந்து கரடிங்க எத்தனை மீனைத் தூக்கிட்டுப் போகுதுன்னு எண்ணினாருங்க, அவர் எழுதின பொறவுதான் இது ஊருக்கே தெரிஞ்சது.

அது மரத்துக்குத்தான் போச்சுன்னு என்ன சாட்சி? இருக்குதுங்க. யூரியாவுல நாம போடற நைட்ரஜன்லயே ரெண்டு வகை உண்டு, சாதா ஒண்ணு, சித்த எடை கூடுனது ஒண்ணு. அந்த எடை கூடுன வகை நெலத்துல கம்மி, கடல் மீனோட ஒடம்புல அதிகம். ஓடைக்கரை மரத்துல மெல்லிசா ஒரு குச்சி மாதிரி துளைச்சு எடுத்து வருச வளையத்தைச் சோதிச்சா அந்தக் கடல் நைட்ரஜன் மரத்துக்குள்ள இருக்குது. இன்னொண்ணு சொல்றேன், அந்தக் கரையோரத்துல சில ஓடைங்கள்ல மீனு ஏற முடியாத அருவி இருக்குது, அருவிக்குக் கீழ இருக்கற செடி, பூச்சிகிட்ட கடல் சத்து நல்லா தெரியுது, அருவிக்கு மேல போனா அது கொறஞ்சு போகுது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே தண்ணி, மீனு வந்ததும் வராததுந்தான் வித்தியாசம். இதை விட என்ன சாட்சி வேணுமுங்க?

அந்த மரமும் சும்மா வாங்கிக்கறதில்லீங்கண்ணா. ஸ்ப்ரூஸ், சீடர்னு நாலு பேர் சேர்ந்து கட்டிப்புடிச்சாலும் கை எட்டாத மரங்க. அதோட நெழல் ஓடைத் தண்ணியைக் குளுகுளுன்னு வெச்சுக்குது, வேரு கரையைப் புடிச்சு வெச்சுக்குது, வயசாகி உழுந்தா ஓடைக்குக் குறுக்க கெடந்து தண்ணியைத் தேக்கி மீன் குஞ்சுக்கு ஒதுங்க மடு பண்ணிக் குடுக்குது. மரத்தை வெட்டுனா மண்ணு கரைஞ்சு வந்து கூழாங்கல்லு சந்தெல்லாம் அடைச்சுக்கும், கல்லுக்கடியில இருக்கற முட்டைக்கு மூச்சு போகாது.

கரடி கிட்ட வந்துச்சுங்களா? பயமா இல்லீங்களா டீச்சர்? (தாராபுரம் வாசகி)

ஓடைக்கு அந்தக்கட்ட வந்துச்சு அம்மணி, ஒரு அம்பதடி இருக்கும். எங்களைக் கூட்டிட்டுப் போனவரு ‘பேசாதீங்க, குனியாதீங்க, ஓடாதீங்க’ன்னு மட்டும் சொன்னாரு. அது எங்களைப் பாக்கவே இல்ல, மீனைத்தான் பாத்துச்சு.

அந்தக் காட்டை ஹைடா மக்கள் போராடிக் காப்பாத்தினாங்கன்னு ஒரு வரில முடிச்சுட்டீங்க. விவரமா எழுதக் கூடாதுங்களா? (ஈரோட்டு வழக்கறிஞர்)

எழுதியிருக்கணுமுங்க, என் தப்புதான்.

ஹைடா மக்கள் அந்தத் தீவுல ஆயிரக்கணக்கான வருசமா இருக்கறவங்க, பெரிய சீடர் மரத்தைக் குடைஞ்சு படகு பண்ணி கடல்ல நெடுந்தூரம் போய் வந்தவங்க. 1862ல பெரியம்மை வந்து ஊர் ஊராக் காலி ஆச்சு. பல ஆயிரம் பேர் இருந்த சனம் 1900 தாண்டி வர்றப்ப 600 சொச்சம் பேருதான். தெக்குத் தீவுகள்ல இருந்த ஊருங்களையெல்லாம் விட்டுட்டு மிஞ்சுனவங்க வடக்க ரெண்டே ஊர்ல வந்து ஒண்ணா சேர்ந்துட்டாங்க. விட்டுட்டு வந்த ஊருங்கள்ல ஒண்ணு ஸ்கங் குவாய், அங்க அவங்க முன்னோருக்காக நட்ட செதுக்கு மரத்தூணுங்க இன்னும் நிக்குது, 1981லயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடம்னு அறிவிச்சுருச்சு.

ஆள் இல்லாத தீவுன்னு ஆனதும் மரம் வெட்டறவங்க வந்தாங்க. மலைச் சரிவை அப்படியே மொட்டை அடிச்சுட்டுப் போற வெட்டு. ஹைடாக்காரங்க வருசக்கணக்கா மனு குடுத்து, கூட்டத்துல பேசி, கோர்ட்டுக்குப் போய் ஒண்ணும் ஆகல. 1985ல மழையும் குளிருமா இருக்கற காலத்துல லையல் தீவுல மரம் ஏத்திட்டு வர்ற ரோட்டுல போய் குறுக்க உக்காந்துட்டாங்க. கோர்ட் தடை போட்டுச்சு, போலீஸ் வந்துச்சு, 72 பேரைக் கைது பண்ணினாங்க. மொதல்ல கைதானது யாருன்னா அவங்க ஊட்டுப் பெரியவங்க, வயசான ஆத்தாளுங்களும் அப்பாருங்களும், சின்னப் பசங்க நாங்க போறோம்னு சொல்லியும் கேக்காம ஊர்வழக்கத்து உடுப்பைப் போட்டுக்கிட்டு முன்னால போய் உக்காந்தாங்க. நாடே டிவில பாத்துச்சு. இதை எழுதறப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குதுங்க, எங்க அப்பத்தாளை நெனச்சுக்கறேன், எந்தக் காட்டுக்காக அது போய் ரோட்டுல உக்காந்திருக்கும்னு.

1987ல மாகாண அரசும் மத்திய அரசும் கையெழுத்துப் போட்டு அங்க மரம் வெட்டறதை நிறுத்துனாங்க. ஆனா நெலம் யாருதுங்கற கேள்வி அப்படியே நின்னுச்சு. 1993ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க பாருங்க, வக்கீலான உங்களுக்கு இது புடிக்கும், ஒரே தாள்ல ரெண்டு பத்தியா பக்கம் பக்கமா எழுதி, ஒரு பக்கம் இது எங்க சொத்துன்னு ஹைடா சொல்றது, இன்னொரு பக்கம் இது அரசு சொத்துன்னு கனடா சொல்றது, ரெண்டு பேரும் ஒத்துக்கல, ஒத்துக்காததையும் எழுதி வெச்சுட்டு, ஆனா காப்பாத்தறதுல ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்னு கையெழுத்துப் போட்டாங்க. நிர்வாகக் குழுவுல ரெண்டு பக்கமும் சரி சமம். நம்ம பக்கம் வரப்புத் தகராறு முடியற வரைக்கும் நெலம் சும்மாத்தான் கெடக்கும், தகராறு தகராறா இருக்கட்டும் பயிரைப் பாத்துக்கலாம்னு அவங்களுக்குத் தோணியிருக்குது. 2010ல சுத்தியிருக்கற கடலையும் இதே கணக்குல சேர்த்துக்கிட்டாங்க. 2024ல மாகாண அரசு ஹைடா குவாய் நெலம் ஹைடா மக்களோடதுதான்னு ஒப்பந்தமே போட்டுருச்சு, மறியல் பண்ணி 39 வருசம் கழிச்சு.

2013ல அதே லையல் தீவுல, வின்டி பேங்கற எடத்துல, 42 அடி உயரத்துல ஒரு மரத்தூண் நட்டாங்க. அதுல கை கோத்துக்கிட்டு நிக்கற அஞ்சு மனுசங்களைச் செதுக்கியிருக்காங்க, மறியல்ல நின்னவங்களோட நெனப்பா. அதுக்கு முன்னால நான் நெம்ப நேரம் நின்னேனுங்க.

பார்க்னு போர்டு வெச்சுட்டா மீனு கூடிருங்களா? (கோபி வாசகர்)

கூடாதுங்க, வேலை செய்யணும். லையல் தீவுல முன்னாடி வெட்டுன சரிவுங்கள்ல ஓடை கெட்டுப்போய்க் கெடந்துச்சு, மரம் உழுந்து மடு ஆகறதுக்கு கரையில பெரிய மரமே இல்ல. அதனால வேரோட கட்டைகளைக் கொண்டாந்து ஓடையில போட்டு, மீனு முட்டை போடற மாதிரி திருப்பி சீர்படுத்தியிருக்காங்க. வெளிய இருந்து கொண்டாந்து விட்ட மானுங்க வேற, சீடர் கன்னு மொளைக்க மொளைக்க மேஞ்சுருது, சில தீவுங்கள்ல மானை முழுசா அப்புறப்படுத்துனாங்க. 2018ல போட்ட திட்டத்துல நெலம், கடல், சனம் மூணும் ஒண்ணுன்னு எழுதி கடல்ல நூத்துக்கு ஒரு நாப்பது பங்குல தொழில்முறை மீன்பிடியை நிறுத்தியிருக்காங்க.

ஆனா அந்த மீனு தன் ஆயுசுல கொஞ்ச காலந்தான் இவங்க எல்லைக்குள்ள இருக்குது, மிச்ச நாளெல்லாம் பெருங்கடல்ல, அந்தக் கடல் சூடு ஏறிட்டு வருது. அது அவங்க கையில மட்டும் இல்லீங்களே, உங்க கையிலயும் என் கையிலயும் சேர்ந்தில்ல இருக்குது.

உக்கடம் மார்க்கெட்ல இந்தியன் சால்மன்னு விக்கறாங்களே, அதுதானுங்களா இது? பவானிசாகர்ல இதை வளர்க்க முடியுமா? (கோவை வாசகர்)

அல்லங்க. அது காலா மீனு, வேற குடும்பம், பேர்தான் ஒண்ணு. நெசமான சொந்தக்காரன் வேணும்னா ஊட்டிக்குப் போங்க, அவலாஞ்சில இருக்கற ட்ரௌட் மீனு சால்மனுக்குப் பங்காளி, வெள்ளைக்காரன் காலத்துல கொண்டாந்து விட்டது. பவானிசாகர்ல முடியாது, நம்ம வெயிலுக்கு அந்தத் தண்ணி சூடு, குளிர்ந்த தண்ணி இல்லாம அது பொழைக்காது.

நம்ம ஆத்துல இப்படி கடல்ல இருந்து ஏறி வர்ற மீனு ஏதாச்சும் இருந்துச்சுங்களா? எங்க அப்பிச்சி என்னமோ சொல்லுவாரு. (பவானி வாசகி)

இருந்துச்சு அம்மணி, அப்பிச்சி சொன்னது நெசந்தான். உல்லம்னு ஒரு மீனு, வங்காளத்துல ஹில்சான்னு கொண்டாடறாங்களே அதேதான், கடல்ல இருந்து காவிரில முட்டை போட ஏறி வந்துட்டு இருந்துச்சு. கொள்ளிடத்துல, காவிரில குறுக்க குறுக்க அணை வந்துச்சு, 1934ல மேட்டூர் டேம், அதோட அந்த ஏத்தம் முறிஞ்சு போச்சு. டேமைக் கட்டுனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த சனம் நாம, காலிங்கராயன் வாய்க்காலைக் கும்பிடற ஊரு. ஆனா என்ன போச்சுங்கறது பேரப் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல.

விலாங்கு அதுக்குத் தலைகீழ். அது கடல்ல பொறந்து, கண்ணாடி மாதிரி நூல் நூலா ஆத்துல ஏறி வந்து, வருசக்கணக்கா நம்ம மடுவுலயும் கெணத்துலயும் இருந்து, கடைசில முட்டை போட கடலுக்குப் போய் அங்கயே சாகும். எங்க பொடக்காலிக் கெணத்துல ஒண்ணு இருந்துச்சு, வாளி எறக்குனா சுத்திட்டு வரும், அதைப் புடிக்கக் கூடாதுன்னு எங்கப்பன் கண்டிசனா சொல்லிருச்சு, தண்ணியைச் சுத்தம் பண்ணுதாம். அது கடல்ல இருந்து நடந்த தூரம் அப்ப எங்களுக்குத் தெரியாது.

இன்னொண்ணு மோயாத்துல இருக்கற மகசீர். கடலுக்குப் போகாது, ஆத்துக்குள்ளயே மழைத்தண்ணி வந்ததும் மேல ஏறி முட்டை போடற மீனு, துடுப்பு செவந்த ஆரஞ்சு நெறத்துல இருக்கும், முதுகு திமில் மாதிரி. காவிரில அதோட இனம் முன்ன அம்பது கிலோ வரைக்கும் வளர்ந்துச்சு. இப்ப ஒலகத்துலயே அழியற நெலமைல இருக்கற மீனு பட்டியல்ல மொத வரிசைல வெச்சிருக்காங்க, 2018ல இருந்து. சத்தியமங்கலத்துக்கு மேக்க, நாம பஸ்ஸுல போற தொலைவுல இருக்குதுங்க அது. குவாய் ஹானஸுக்கு எல்லாராலயும் போக முடியாது, மோயாறு எங்க போயிருது?

எப்ப போகலாம், என்ன எடுத்துட்டுப் போகோணும்? (திருப்பூர் வாசகர், மகன் டொரண்டோவில்)

வேன்கூவர்ல இருந்து சான்ட்ஸ்பிட்டுக்கு ஒரு விமானம், அங்கிருந்து படகு. படகுக்காரங்ககிட்ட முன்னாடியே பதிவு பண்ணிருங்க, உள்ள போறதுக்கு முன்ன அனுமதிச் சீட்டும் வாங்கோணும், என்ன செய்யலாம் கூடாதுன்னு ஒரு வகுப்பு மாதிரி சொல்லித் தருவாங்க அதையும் கேக்கோணும். பழைய ஊருங்கள்ல ஹைடா வாட்ச்மென்னு காவலுக்கு இருக்காங்க, ஒரு நேரத்துல பன்னண்டு பேருக்கு மேல கரையில எறங்க விடமாட்டாங்க, நம்ம சனம் மாதிரி முப்பது பேரா போய் எறங்க முடியாது. மீனு ஏறறதைப் பாக்கோணும்னா செப்டம்பர் கடைசி, ஆனா படகுங்க பெரும்பாலும் அதோட நின்னுரும், மழையும் ஆரம்பிச்சுரும், அதனால தேதியை இழுத்துப் புடிச்சுப் பாத்துப் போடுங்க. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், மேலயும் கீழயும் மழைக்கோட்டு, ரெண்டு செட் கம்பளித்துணி. பருத்தி வேண்டாமுங்க, நனைஞ்சா காயவே காயாது. எங்களுக்கு மூணாம் நாள் பூரா மழை, ஆனா அன்னைக்குத்தான் ஓடையில தண்ணி ஏறுச்சு, மீனும் ஏறுச்சு.